சிற்றுருப் படைகளும் வண்ணப்பூச்சும்: மதராஸ் சிப்பாயின் நெற்றியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

போருக்குச் செல்பவன் தலையில் எதைச் சூடுகிறான் என்பது தமிழ் மரபில் சிறிய செய்தியன்று. நிரை கவர்வோன் வெட்சி சூடுவான். நிரை மீட்போன் கரந்தை சூடுவான். மதில் காப்போன் நொச்சி சூடுவான். பூவைக் கண்டே போரின் நோக்கத்தை அறியலாம் என்பது புறத்திணை இலக்கணம் பயின்ற எவர்க்கும் பழகிய செய்தி. இக்கட்டுரை ஒரு தலைப்பாகையைப் பற்றியும் ஒரு நெற்றியைப் பற்றியும் பேச முற்படுகிறது. அவை இரண்டும் இருபத்தெட்டு மில்லிமீட்டர் உயரமே உள்ள ஓர் ஈயப் பொம்மைக்கு உரியவை.

மேலைநாடுகளில் இன்று பல்லாயிரவர் தம் ஓய்வு நேரத்தில் ஈயத்தாலோ நெகிழியாலோ வார்க்கப்பட்ட சிறு போர்வீரர் உருவங்களை வாங்கி, வீட்டு மேசையில் வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக வண்ணம் தீட்டிப் படையணிகளாக்குகின்றனர். ஒரு படையில் நூறு உருவங்கள் இருக்கலாம், ஐந்நூறும் இருக்கலாம். தீட்டி முடித்தபின் அளவுகோலும் பகடையும் கொண்டு மேசைமேல் போர் விளையாட்டு நிகழ்த்துவர். எனினும் பலர்க்கு விளையாடுவதைவிடத் தீட்டுவதிலேயே நேரமும் மனமும் மிகுதியாகச் செல்கின்றன. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் கூட இதற்கென்றே கடைகள் உண்டு.

இந்திய ஆய்வியல் துறையின் இதழொன்றில் இப்பொருளுக்கு என்ன இடம் எனச் சிலர் வினவக்கூடும். அவ்வினா நியாயமானதே. 2009ஆம் ஆண்டில் முனைவர் பட்ட ஆய்வின்பொருட்டு இங்கிலாந்தின் வடபகுதி நகரொன்றில் நாம் தங்கியிருந்தோம். வீட்டு உரிமையாளர் ஓய்வுபெற்ற இரயில்வே ஊழியர். இரவுணவு முடிந்து தட்டுகள் அகற்றப்பட்டதும் மேசைமேல் பழைய செய்தித்தாள் விரிக்கப்படும். வண்ணப் புட்டிகளும் மேசை விளக்கும் ஒரு குவளை நீரும் வந்து சேரும். 1803ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் நிகழ்ந்த அசாயிப் போரின் இருதரப்புப் படைகளையும் அவர் தீட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் மதராஸ் சிப்பாய் ஒருவனை நம்முன் நிறுத்தி, "இவர்கள் உங்கள் ஊர்க்காரர்கள்தாமே? இவர்களுடைய நெற்றியில் ஏதேனும் குறி இருந்திருக்குமா? தீட்டலாமா, வேண்டாமா?" என்று கேட்டார். தாத்தா காலத்தில் தோட்டத்திற்கு வந்த குடும்பம் நம்முடையது. ஆயினும் 'உங்கள் ஊர்' என்ற சொல்லை நாம் மறுக்கவில்லை. வினாவுக்கு விடைதான் தெரியவில்லை. இந்திய வரலாற்றில் முனைவர் பட்டம் பெற வந்தவர்க்கு அது நாணத்தக்க நிலையாகவே இருந்தது. இக்கட்டுரை அவ்வினாவிலிருந்து பிறந்தது.

கூலிக்குத் தீட்டிய கைகள்

வீட்டில் அமர்ந்து பொம்மைப் படைக்கு வண்ணம் தீட்டும் வழக்கம் பொழுதுபோக்காகத் தொடங்கவில்லை. கூலி வேலையாகவே தொடங்கியது. ஜெர்மனியின் நூரன்பெர்க் நகரம் நெடுங்காலமாக வெள்ளீய வேலைக்குப் பெயர்பெற்றது. 1760இல் அங்குத் தலைமைக் கைவினைஞராக ஏற்கப்பட்ட யோஹான் கோட்ஃபிரீட் ஹில்பெர்ட் என்பவர் தட்டையான வெள்ளீய உருவங்களை வார்த்து விற்றார். பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடெரிக்கின் புகழ் ஓங்கியிருந்த காலம் அது. அவருடைய படைவீரர்களையும் அவரையுமே ஹில்பெர்ட் பொம்மையாக்கினார்.

இவ்வகை உருவங்கள் தகடுபோல் மெல்லியவை. சிலேட்டுக் கல்லின் இரு பலகைகளில் உருவத்தின் இரு பக்கங்களையும் எதிர்த்திசையாகச் செதுக்கி, அவற்றை இறுகச் சேர்த்து, உருக்கிய உலோகத்தை ஊற்றினால் உருவம் கிடைக்கும். செதுக்குவோரின் திறமையே உருவத்தின் உயிர். 1839இல் நூரன்பெர்க்கில் தொழில் தொடங்கிய எர்ன்ஸ்ட் ஹைன்ரிக்சன் காலாள் உருவத்திற்கு ஏறத்தாழ முப்பது மில்லிமீட்டர் என்னும் அளவை 1848இல் நிலைநிறுத்தினார். அதன்பின் பல பட்டறைகளின் உருவங்களையும் ஒரே படையில் சேர்த்து நிறுத்த இயன்றது. மரச்சீவல் பெட்டிகளில் அடைக்கப்பட்ட இப்படைகள் எண்ணிக்கையால் அன்றி எடையால் விற்கப்பட்டன. ஒரு இராத்தல் குதிரைப்படை, அரை இராத்தல் காலாட்படை எனக் கடைக்காரர் நிறுத்துக் கொடுக்கும் காட்சியை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

பட்டறையில் வார்க்கப்பட்ட உருவங்கள் நூரன்பெர்க், ஃபியூர்த் பகுதிகளின் ஏழை வீடுகளுக்குச் சென்றன. அங்குப் பெண்களும் சிறுவரும் அவற்றுக்கு வண்ணம் தீட்டினர். ஒருவர் செங்குப்பாயங்களை மட்டும் தீட்டுவார். அடுத்தவர் வெண்ணிற வார்களைத் தீட்டுவார். மற்றொருவர் முகத்தையும் கையையும் தீட்டுவார். உருவத்திற்கு இவ்வளவு என்று கணக்கிடப்பட்ட கூலி மிகக் குறைவு. செல்வர் வீட்டுச் சிறுவன் விளையாடிய படையை ஏழை வீட்டுச் சிறுவன் தீட்டினான் என்பதே உண்மை. பொம்மைகளின் வரலாற்றை எழுதிய சேகரிப்பாளர் பலர் செதுக்கியவரின் பெயரையும் பட்டறையின் முத்திரையையும் துல்லியமாகக் குறிப்பர். தீட்டியவரின் பெயர் அவற்றில் எங்கும் இல்லை. தோட்டத் தொழிலாளர் வரலாற்றைத் தேடிப் பழகிய நமக்கு அவ்வெற்றிடம் புதிதாகத் தோன்றவில்லை.

இங்கு ஒன்றைக் குறிப்பிட்டுச் செல்லலாம். படிகளில் பொம்மைகளை வரிசைப்படுத்தும் நம் நவராத்திரிக் கொலுவோடு இவ்வழக்கத்தை ஒப்பிட விழைவோர் உளர். அவ்வொப்புமை மேலோட்டமானது. கொலுவில் வீட்டார் பொம்மையை அடுக்குவர். தீட்டுவோர் குயவரும் பொம்மைக் கைவினைஞருமே. நாம் ஆராயும் வழக்கத்தின் சிறப்போ, கைவினைஞரின் வேலையை வீட்டுக்காரரே விரும்பி ஏற்றுக்கொண்டதில் உள்ளது.

போர் விளையாட்டும் உண்மை பற்றிய வழக்கும்

சதுரங்கம் என்னும் சொல்லே நால்வகைப் படையைக் குறிப்பது. இந்தியாவிலிருந்து சென்ற அவ்விளையாட்டை விரித்து, 1780இல் பிரௌன்ஷ்வைக்கைச் சேர்ந்த ஹெல்விக் என்னும் ஆசிரியர் நிலப்பரப்பையும் பீரங்கியையும் சேர்த்துப் புதிய போர் விளையாட்டொன்றை அமைத்தார். பிரஷ்ய அலுவலரான ரைஸ்விட்ஸ் 1812இல் தம் மன்னருக்கு ஒரு விளையாட்டு மேசையை வழங்கினார். அவர்தம் மகன் 1824இல் அதன் விதிகளைத் திருத்தி வெளியிட்டார். பிரஷ்யப் படை அதனைப் பயிற்சிக் கருவியாக ஏற்றது. அதில் பயன்பட்டவை செந்நிற, நீலநிறக் கட்டைகளே. வண்ணம் தீட்டிய வீரருக்கு அங்கு இடமில்லை. ஆகவே நாம் அதனைக் கடந்து செல்கிறோம்.

நம் பொருளுக்கு மிக நெருக்கமானது வில்லியம் சைபோர்ன் உருவாக்கிய வாட்டர்லூ மாதிரியாகும். 1797இல் பிறந்த இவர் வாட்டர்லூப் போரில் பங்கேற்றவரல்லர். போர் முடிந்தபின்னரே பிரான்சிலிருந்த படையில் சேர்ந்தவர். 1830இல் பிரித்தானியத் தலைமைத் தளபதி ஹில் பிரபு, அப்போரின் மாதிரி ஒன்றை அமைக்குமாறு அவரைப் பணித்தார். சைபோர்ன் போர்க்களத்திலிருந்த லா ஏ சாந்த் பண்ணைவீட்டிலேயே எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். பின்னர், போரில் நின்ற அலுவலர்களுக்குச் சுற்றுமடல் அனுப்பினார்: மாலை ஏழு மணியளவில் உங்கள் படைப்பிரிவு எங்கு நின்றது, உங்கள் எதிரே யார் நின்றனர், நிலத்தில் என்ன பயிர் இருந்தது? நூற்றுக்கணக்கான விடைமடல்கள் வந்தன. ஒரு போரைப் பற்றி அதில் பங்கேற்றோரிடமே முறையாகக் கேட்டுத் திரட்டிய தொடக்ககால முயற்சிகளுள் இது ஒன்று எனலாம். பொம்மை நிறுத்துவதற்காகத் தொடங்கிய வினவல் வரலாற்று ஆவணமாயிற்று.

1833இல் அரசு நிதியுதவியை நிறுத்திக்கொண்டது. சைபோர்ன் கடன்பட்டு வேலையைத் தொடர்ந்தார். 1838இல் இலண்டன் எகிப்திய மண்டபத்தில் மாதிரி காட்சிக்கு வைக்கப்பட்டபோது, அதில் எழுபத்தையாயிரத்திற்கும் மேற்பட்ட வண்ணம் தீட்டிய சிற்றுருவங்கள் நின்றன. சிக்கல் அங்குதான் எழுந்தது. தமக்குக் கிடைத்த சான்றுகளின்படி சைபோர்ன் பிரஷ்யப் படையைப் பெருமளவில் களத்திற்குள் நிறுத்தியிருந்தார். அவ்வாறாயின் வெற்றியில் பிரஷ்யரின் பங்கு பெரிதாகிறது. வெலிங்டனின் பங்கு அவ்வளவுக்குக் குறைகிறது. வெலிங்டன் தரப்பினர் இதனை ஏற்கவில்லை. நெடிய மடற்போக்குவரத்துக்குப் பின் பிரஷ்ய உருவங்கள் பெரும் எண்ணிக்கையில் மாதிரியிலிருந்து அகற்றப்பட்டன. சைபோர்ன் 1849இல் காலமானார். அம்மாதிரி இன்று இலண்டன் தேசியப் படை அருங்காட்சியகத்தில் உள்ளது. பத்து மில்லிமீட்டர் உயரப் பொம்மைகளை எங்கு நிறுத்துவது என்பதில் ஒரு நாட்டின் பெருமை அடங்கியிருந்தது என்பதை அவ்வழக்கு நமக்குக் காட்டுகிறது. சிற்றுரு சிறியது என்பதால் அதன்மேல் எழும் வழக்கும் சிறியதாகிவிடுவதில்லை.

கூடத்திலும் மாடியறையிலும்

இங்கிலாந்தில் பொம்மைப் படை எழுத்தாளர் வீடுகளில் குறிப்பிடத்தக்க இடம் பெற்றது. 1826 சூன் திங்களில் பாட்ரிக் பிராண்டி தம் மகனுக்காக லீட்ஸ் நகரிலிருந்து வாங்கிவந்த மரவீரர் பெட்டியே பிராண்டி உடன்பிறப்புகளின் கற்பனை நாடுகளுக்கு வித்தாயிற்று. சார்லட் தமக்குரிய வீரனுக்கு வெலிங்டன் எனப் பெயரிட்டார். 1881–82 குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தின் டாவோசில் நோய்க்கு மருந்துண்டு தங்கியிருந்த ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன், மாடியறைத் தரையில் தம் மாற்றாந்தாய் முறை மகனோடு நாள்கணக்காகப் பொம்மைப் போர் நடத்தினார்.

இப்பொம்மைகளுள் பெரும்பாலானவை ஜெர்மனியிலிருந்தே வந்தன. இந்நிலையை மாற்றியவர் இலண்டனைச் சேர்ந்த இளைய வில்லியம் பிரிட்டன். 1893இல் அவர் உள்ளீடற்ற வார்ப்பு முறையைக் கண்டறிந்தார். உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றி, ஓரம் இறுகியவுடன் நடுவிலுள்ள இறுகாத உலோகத்தை வெளியே வடித்துவிடுவது அம்முறை. எஞ்சுவது உள்ளே வெற்றிடமான ஓர் ஓடு. உலோகச் செலவு குறைந்தது, எடை குறைந்தது, விலையும் குறைந்தது. ஐம்பத்துநான்கு மில்லிமீட்டர் உயரமுள்ள எட்டு வீரர் அடங்கிய சிவப்புப் பெட்டி நடுத்தரக் குடும்பத்தாரின் கைக்கு எட்டியது. வடஇலண்டனிலிருந்த அத்தொழிலகத்தில் வண்ணம் தீட்டியோர் பெண்களே. நூரன்பெர்க்கின் வீட்டு மேசை தொழிலகத்தின் நீண்ட பலகையாயிற்று. தீட்டிய கைகளின் நிலை பெரிதும் மாறவில்லை.

எச். ஜி. வெல்ஸ் 1913இல் வெளியிட்ட 'லிட்டில் வார்ஸ்' என்னும் நூல் இப்பொம்மைகளைக் கொண்டு ஆடத்தக்க விதிகளை வகுத்தது. வில்விசையால் சிறு கட்டையை எறியும் பிரிட்டன் நிறுவனத்துப் பொம்மைப் பீரங்கியே அவ்விளையாட்டின் தொடக்கம். எறிபட்டு விழும் வீரன் இறந்தவன். நூலின் துணைத்தலைப்பு சிறுமியருள் அறிவுமிக்கோரையும் விதிவிலக்காகச் சேர்த்துக்கொள்கிறது. தொழிலகத்தில் அப்படைகளைத் தீட்டியோர் அனைவரும் பெண்கள் என்பதை எண்ணும்போது அத்துணைத்தலைப்பு நமக்கு நகைப்பைத் தருகிறது. போரை வெறுத்தவரான வெல்ஸ், உண்மைப் போருக்கு மாற்றாக இதனை முன்வைத்தார். அடுத்த ஆண்டே உலகப்போர் மூண்டது.

கூலியிலிருந்து பொழுதுபோக்கிற்கு

வண்ணம் தீட்டுதல் விளையாடுவோரின் கைக்கு மாறியது இரண்டாம் உலகப்போருக்குப் பின்னரே. பொம்மைகள் நொறுங்காமல் இருக்கவேண்டும் என்பதால் பீரங்கியை விடுத்துப் பகடைக்கு மாறினர். மேசையில் பல படையணிகள் நிற்கவேண்டும் என்பதால் உருவத்தின் உயரம் குறைந்தது. கலிபோர்னியாவில் ஜாக் ஸ்க்ரபி இரப்பர் அச்சுகளில் சிற்றுருக்களை வார்த்துத் தீட்டப்படாத நிலையிலேயே விற்றார். 1957இல் போர் விளையாட்டுக்கென ஓர் இதழையும் தொடங்கினார். இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த உடலியக்க மருத்துவர் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் 1962இல் வெளியிட்ட 'வார் கேம்ஸ்' நூல், பொம்மையோடு பொழுதுபோக்கும் பெரியவர்களின் கூச்சத்தை ஓரளவு போக்கிற்று. தீட்டாத உருவத்தின் விலை மலிவு என்பதால் கூலி மிச்சமாயிற்று. முன்பு யாரோ ஒரு பெண் பெற்ற அச்சிறு கூலி, இப்போது வாங்குபவரின் இரவுகளாக மாறிற்று.

1959இல் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் மென்னெகிழியால் ஆன சிற்றுருக்களை மலிவாக வெளியிட்டது. பள்ளிச் சிறுவனும் கைச்செலவுக் காசில் ஒரு படை வைத்துக்கொள்ள இயன்றது. ஆனால் அந்நெகிழி வளையக்கூடியது. அதன்மேல் தீட்டிய எனாமல் காய்ந்ததும் துப்பாக்கி முனையிலும் கணுக்காலிலும் உரிந்து உதிரும். வார்ப்பின்போது ஒட்டிய எண்ணெய்ப் பசையைப் போக்கச் சவர்க்கார நீரில் கழுவுதல், வெண்பசையை மெல்லப் பூசி அதன்மேல் தீட்டுதல் எனப் பல கைம்முறைகளை இதழ்கள் வழியே ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொண்டனர். ஈயம் பற்றிய உடல்நல அச்சம் பெருகியதால் பிரிட்டன் நிறுவனம் 1966இல் ஈய வார்ப்பைக் கைவிட்டது. கூர்மைக்காகத் தூரிகை நுனியை நாவில் வைத்து ஈரமாக்கும் பழக்கம் மட்டும் தீட்டுவோரிடம் இன்றும் தொடர்கிறது. நம் வீட்டு உரிமையாளரும் அவ்வாறே செய்தார்.

1975இல் இலண்டனில் தோன்றிய கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனமும், 1979இல் அதனோடு தொடர்புற்று உருவான சிட்டாடல் வார்ப்பகமும், 1983இல் வெளிவந்த வார்ஹாமர் விளையாட்டும் இத்துறையின் போக்கை மாற்றின. வரலாற்றுப் படைகளின் இடத்தில் கற்பனை உலகின் படைகள் வந்தன. எந்த நிறம் சரி என்பதற்கு ஆவணச் சான்று தேவையில்லை. நிறுவனம் வகுத்ததே சான்று. அந்நிறுவனம் 2024ஆம் ஆண்டு இறுதியில் இலண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு நிறுவனங்களுள் ஒன்றாக இடம்பெற்றது. இவ்வளர்ச்சியை வியப்போடு நோக்கினும் நம் ஈடுபாடு அதில் இல்லை. சான்று தேடித் தீட்டுவோரே நம் ஆய்வுக்குரியவர்.

அவர்தம் முறையைச் சிறிது விளக்குதல் தகும். உருவத்தின் மேல் முதலில் கறுப்போ சாம்பலோ அடிப்பூச்சாக இடுவர். அடுத்துக் குப்பாயம், காற்சட்டை, தோல் எனப் பகுதிதோறும் அடிப்படை நிறம். பின்னர் நீர்போல் கரைத்த கருநிறத்தை மேலே ஓடவிடுவர். அது மடிப்புகளுக்குள் தங்கி நிழலாகும். இறுதியில், மேடான இடங்களில் வெளிறிய நிறத்தை மெல்லத் தொட்டு ஒளி காட்டுவர். இருபத்தெட்டு மில்லிமீட்டர் உருவத்தில் இயற்கை ஒளி போதிய நிழலைத் தருவதில்லை என்பதால் ஒளியையும் நிழலையும் தூரிகையே படைக்கவேண்டும். கண்ணின் வெண்மை ஒரு புள்ளி. கருவிழி அதனினும் சிறிய மற்றொரு புள்ளி. ஓர் உருவத்திற்கு ஒரு மணி நேரம் செல்லலாம்.

எந்நிறம் என்பதை அறிய நூல்கள் வேண்டும். ரிச்சர்டு க்னோட்டல் 1890 முதல் வெளியிட்ட சீருடைப் படத்தொகுதிகளும், 1971இல் தொடங்கிய ஆஸ்பிரே நிறுவனத்தின் படைவீரர் வரிசை நூல்களும் இவ்வகையில் புகழ்பெற்றவை. எந்தப் படையணிக்குக் கழுத்துப்பட்டை மஞ்சள், எதற்கு வெள்ளை என்று பொழுதுபோக்காளர்கள் அடிக்கடி வாதிடுவர். அவ்வாதத்தைக் கல்வியுலகம் எள்ளுவது வழக்கம். நாமும் ஒரு காலத்தில் எள்ளினோம். மதராஸ் படையின் வரலாறு நம் கருத்தை மாற்றியது.

தலைப்பாகையும் நெற்றிக்குறியும்

கிழக்கிந்தியக் கும்பனியின் மதராஸ் படையில் தமிழர், தெலுங்கர், தக்காண முஸ்லிம்கள் எனப் பலரும் இருந்தனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சாவூர் ஓவியர்கள் கும்பனி அலுவலருக்காகத் தீட்டிய படங்களில் சிப்பாயும் அவன் மனைவியும் அருகருகே நிற்பதைக் காணலாம். மேலே ஐரோப்பிய முறைச் செங்குப்பாயம்; கீழே தொடையளவான வெண்ணிறக் குறுங்காற்சட்டை; காலில் செருப்பு; தலையில் பாகை. இடுப்புக்கு மேல் கும்பனியும் இடுப்புக்குக் கீழும் தலையிலும் ஊரும் ஒரே உடலில் கூடி நின்றன எனலாம்.

1805 நவம்பரில் தலைமைத் தளபதி சர் ஜான் கிராடக்கின் காலத்தில் புதிய வகைத் தலைப்பாகை ஒன்று கட்டளையிடப்பட்டது. அதில் தோலால் ஆன ஓர் அணி பொருத்தப்பட்டிருந்தது. அதன் அமைப்பு ஐரோப்பியத் தொப்பியை ஒத்திருந்தது. தோல் பசுவினுடையதோ பன்றியினுடையதோ என்ற ஐயம் இருசாராரிடமும் எழுந்தது. 1806இன் தொடக்கத்தில் வெளிவந்த விதித்தொகுப்பு, சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சமயக்குறி இடுவதையும் காதணி அணிவதையும் தடுத்தது. தாடியை மழிக்கவும் மீசையை ஒரே வகையில் வைக்கவும் பணித்தது. அவ்வாண்டு மே மாதம் வேலூரில் இருந்த நான்காம் படையணியின் இரண்டாம் பிரிவினர் புதிய பாகையை ஏற்க மறுத்தனர். ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் ஆளுக்குத் தொள்ளாயிரம் கசையடி தண்டனையாக விதிக்கப்பட்டது.

1806 சூலை 10ஆம் நாள் விடியலுக்குமுன் வேலூர்க் கோட்டையில் கிளர்ச்சி வெடித்தது. முதலாம் படையணியின் இரு பிரிவினரும் இருபத்துமூன்றாம் படையணியின் ஒரு பிரிவினரும் அப்போது கோட்டையில் இருந்தனர். திப்பு சுல்தானின் மைந்தர்கள் அங்குச் சிறைவைக்கப்பட்டிருந்ததும் ஒரு காரணம் என்பர். ஐரோப்பியர் ஏறத்தாழ 130 பேர் மாண்டனர். ஆர்க்காட்டிலிருந்து குதிரைப்படையோடு விரைந்து வந்த கில்லெஸ்பி கோட்டையை மீட்டபோது சிப்பாய்கள் ஏறத்தாழ 350 பேர் கொல்லப்பட்டனர் என்பது பொதுவான மதிப்பீடு. கட்டளைகள் திரும்பப் பெறப்பட்டன. கிராடக்கும் ஆளுநர் பெண்டிங்கும் பதவியிலிருந்து அழைத்துக்கொள்ளப்பட்டனர். முதலாம், இருபத்துமூன்றாம் படையணிகளின் எண்கள் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டன. எஞ்சியோரைக் கொண்டு இருபத்துநான்கு, இருபத்தைந்து என்னும் புதிய எண்களில் படையணிகள் அமைந்தன.

பதினோர் ஆண்டுகள் கழிந்தன. 1817 நவம்பர் 26, 27ஆம் நாள்களில் நாகபுரிக்கு அருகில் சீதாபல்டிக் குன்றில் நிகழ்ந்த போரில் இருபத்துநான்காம் படையணியின் முதற்பிரிவு பேரிழப்போடு நின்று வென்றது. அதற்குக் கைம்மாறாகப் பழைய எண்ணும் அதற்குரிய சீருடை அடையாளமும் திரும்ப வேண்டும் என அவர்கள் கேட்டனர். அவர்கள் மீண்டும் முதலாம் படையணியாயினர். பணம் கேட்காமல் ஓர் எண்ணையும் குப்பாயத்தின் ஓர் ஓர நிறத்தையும் கேட்டனர் என்பதை நாம் படித்தபோது, கழுத்துப்பட்டையின் நிறம் பற்றி வாதிடுவோரை இனி எள்ளுவதில்லை என முடிவுசெய்தோம்.

1890களில் பிரிட்டன் நிறுவனம் வெளியிட்ட சிவப்புப் பெட்டிகளுள் ஒன்று முதலாம் மதராஸ் நாட்டுக் காலாட்படை. அதனை வாங்கிய இலண்டன் சிறுவனுக்கு அவ்வெண் இழக்கப்பட்டதும் மீட்கப்பட்டதும் தெரிந்திருக்க வழியில்லை. பாகை தீட்டிய தொழிலகப் பெண்ணுக்கும் அவ்வாறே. அப்பாகையின்பொருட்டு ஒரு கோட்டை முழுவதும் குருதியில் நனைந்த செய்தி அப்பெட்டியின் மேலட்டையில் இடம்பெறத் தக்கதன்று.

இவ்வரலாறு நம் மண்ணுக்கும் தொலைவானதன்று. வேலூரை மீட்ட கில்லெஸ்பி 1811இல் மலாக்காவில் திரண்ட கப்பற்படையோடு ஜாவாவுக்குச் சென்றவர். மலாக்காக் கோட்டையிலிருந்த சிப்பாய்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த தமிழ் மரபினரான அப்துல்லாவுக்கு 'முன்ஷி' என்னும் பெயரை வழங்கியோர் அச்சிப்பாய்களே. 1831–32இல் நானிங் போரில் மதராஸ் சிப்பாய்கள் போரிட்டனர். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை நிற்கும் பகுதி நெடுங்காலம் 'சிப்பாய் லைன்ஸ்' எனவே வழங்கிற்று. ஆயினும் அவர்கள் என்ன உடுத்தினர், எதைத் தலையில் சூடினர் என்பது பற்றித் தமிழில் எழுதப்பட்டது மிகச் சிறிது. கூலித் தொழிலாளரையும் கங்காணியையும் வணிகரையும் பற்றி எழுதிய நாம், குடியேற்ற ஆட்சியின் துப்பாக்கியை ஏந்தி நின்ற தமிழனைப் பற்றிப் பேசத் தயங்கியிருக்கிறோம் என்றே எண்ணவேண்டியுள்ளது. அத்தயக்கத்திற்குக் காரணம் உண்டு, அது மன்னிக்கத்தக்கதும்கூட. ஆனால் அவ்விடைவெளியை ஆங்கிலேயப் பொழுதுபோக்காளர் ஒருவரின் தூரிகை நம்முன் நீட்டிக் காட்டியது.

வினாவுக்கு விடை

பல்கலைக்கழக நூலகத்தில் இரண்டு கிழமை செலவிட்டபின் வீட்டு உரிமையாளருக்கு நாம் கூறியது இதுவே. 1806இல் நெற்றிக்குறி தடுக்கப்பட்டதெனில் அதற்குமுன் இட்டோர் இருந்திருக்க வேண்டும். இல்லாததைத் தடுக்க எவரும் விதி எழுதுவதில்லை. அதே வேளையில், பல படையணிகளில் முன்பே இருந்துவந்த நடைமுறையைத்தான் விதியாக எழுதினோம் என்று அதிகாரிகள் தரப்பு பின்னர் வாதிட்டது. ஆகவே 1803இல் எல்லா நெற்றியும் ஒன்றுபோல் இருந்திருக்க இயலாது. அசாயிக் களத்தில் நின்ற மதராஸ் பிரிவுகளுள் நான்காம் படையணியின் முதற்பிரிவும் ஒன்று. மூன்றாண்டுக்குப் பின் வேலூரில் பாகையை மறுத்துக் கசையடி பெற்றது அதன் உடன்பிரிவே.

அவர் நெடுநேரம் ஒன்றும் கூறவில்லை. தாம் தீட்டியிருந்த இருபத்துநான்கு சிப்பாய்களையும் விளக்கின்கீழ் வரிசையாக நிறுத்தினார். திருநீறு எப்படி இருக்கும், திருமண் எப்படி இருக்கும் என்று வினவினார். செய்தித்தாளின் ஓரத்தில் நாம் வரைந்து காட்டினோம். மூன்று கோடுகள் அவ்வுருவத்தில் நிற்கா, ஒரு கோடுதான் இயலும் என்றார். மிகச் சிறிய தூரிகையை எடுத்து, நாவில் நனைத்து, ஏழு பேர்க்கு வெண்ணிறத்தில் ஒரு கிடைக்கோடு இட்டார். நால்வர்க்கு நெடுக்காக ஒரு கோடு. மூவருடைய கன்னத்தில் ஏற்கெனவே தீட்டியிருந்த தோல் நிறத்தின்மேல் தாடி வைத்தார். எஞ்சிய பதின்மரை அப்படியே விட்டு, வார்னிஷ் புட்டியைத் திறந்தார்.